தங்கையின் மரணம் முதல் 12 படுக்கைகள் வரை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விட்டுச்சென்ற கேள்வி

மாடம்பாக்கத்தில் ஒரு அம்மாவுக்கு மார்பில் கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பக்கத்துத் தெரு கிளினிக். அப்புறம் ஸ்கேன் சென்டர். யாரோ சொல்லி, தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, கிண்டியில் இறங்கி, பஸ் ஏறி அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். எந்த கவுன்டர், என்ன டெஸ்ட், காப்பீட்டு அட்டைக்கு என்ன பேப்பர்? வழி தெரியாமல் ஒவ்வொரு வாரமாக நழுவுகிறது.

இப்படி நழுவிய ஒரு உயிர்தான் அந்த மருத்துவமனைக்கே காரணம்.

யார் இந்த முத்துலட்சுமி?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். பெண் பிள்ளை கல்லூரிக்குப் போவதா என்று ஊரே எதிர்த்த காலத்தில் படித்து, 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார். சமமாக மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பிறகு சென்னை மாகாண சட்ட மேலவையில் துணைத் தலைவரான முதல் பெண், தேவதாசி முறை ஒழிப்புக்கான குரல், 1930-ல் ஔவை இல்லம். இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை.

தெரியாத வலி எது?

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முதலில் சாதாரண வயிற்றுக் கோளாறு என்றே வைத்தியம் நடந்தது. மலக்குடல் புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அப்படியென்றால் டாக்டரே இல்லாத வீடுகளின் கதி?

1925-ல் மேல்படிப்புக்கு லண்டன் போனவர், அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைப் பார்த்தார். சென்னையிலும் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தார். ஆனால் அது நனவாக கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கெதற்கு ஆஸ்பத்திரி என்ற மனநிலை அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது. இந்திய மாதர் சங்கம் மூலம் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956-ல் பத்ம பூஷண் பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22-ல் மறைந்தார்.

கட்டடம் இருந்தால் போதுமா?

போதாது என்பதை உலகம் மெதுவாகத்தான் உணர்ந்தது. 1990-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் டாக்டர் ஹரால்ட் ஃப்ரீமேன், ஏழை நோயாளிகளின் கையைப் பிடித்து டெஸ்ட் முதல் சிகிச்சை வரை கூட்டிப்போக ஆட்களை நியமித்தார். இதுதான் 'பேஷன்ட் நேவிகேஷன்'. அங்கே மார்பகப் புற்றுநோயாளிகளில் 5 ஆண்டு பிழைத்தவர்கள் முன்பு 39 சதவீதம். பின்னர் 70 சதவீதம். இந்தியாவிலும் மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை 'கேவட்' என்ற பெயரில் இப்படி வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தருகிறது. கேவட் என்றால் படகோட்டி.

இது வேலை செய்கிறதா, எப்படித் தெரியும்?

இங்கேதான் உஷார் தேவை. ஹார்லெமில் வழிகாட்டிகள் மட்டும் வரவில்லை, இலவசப் பரிசோதனையும் கூடவே வந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் எத்தனை பேருக்கு உதவினோம் என்ற கணக்கு மட்டும் போதாது. பார்க்க வேண்டியவை நான்கு:

* அறிகுறி தெரிந்த நாளிலிருந்து நோய் உறுதியாக எத்தனை நாள்?
* உறுதியான பின் சிகிச்சை தொடங்க எத்தனை நாள்?
* பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன்?
* குடும்பம் கையிலிருந்து செலவழித்தது எவ்வளவு?

வழிகாட்டி கிடைத்தவர்களையும், அதே நிலையில் இருந்து கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டால்தான் உண்மை வெளிவரும். அதற்குப் பதிவேடு வேண்டும். 1981-லிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரிப்பது முத்துலட்சுமி தொடங்கிய இதே நிறுவனம்தான்.

அவர் பிறந்தநாளான ஜூலை 30 இன்று தமிழ்நாட்டில் மருத்துவமனை தினம். தங்கைக்கு இல்லாமல் போனது கட்டடம் மட்டுமல்ல, நேரமும்தான். மாடம்பாக்கத்திலிருந்து கிளம்பும் அந்த அம்மா எத்தனை நாளில் சரியான கதவைத் தட்டுகிறார் என்பதுதான் இன்றைக்கு எண்ண வேண்டிய கணக்கு.