வென்றும் கிடைக்காத நாற்காலி

மாலை நடையில் நம் குடியிருப்புப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளின் விசா, கிரீன் கார்டு என்றுதான் போகிறது. அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் தலிப் சிங் சௌந்த்.

1899-ல் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் பிறந்தவர். 1920-ல் படிக்க அமெரிக்கா போனார். 1924-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-லேயே தீர்ப்பளித்திருந்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்பது அன்றைய கலிபோர்னியா சட்டம். டாக்டர் பட்டம் பெற்றவர் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியானார், பிறகு விவசாயம் செய்தார்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. அங்கிருந்த இந்தியர்களைத் திரட்டி, சட்டத்தை மாற்றக் கோரினார். பலருடைய முயற்சியால் 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம், ஏற்கெனவே இருப்பவர்கள் குடிமக்களாகலாம். 1949 டிசம்பரில் சௌந்த் குடிமகனானார்.

மறு ஆண்டே வெஸ்ட்மோர்லாந்து என்ற சிற்றூரின் நீதிபதி தேர்தலில் நின்றார். அங்கே அப்போது அந்தப் பதவிக்குச் சட்டப் படிப்பு தேவைப்படவில்லை, மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்தார். ஆனால் தேர்தலன்று குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. குறைந்தது சில வாரங்கள்தான்!

ஒரு நாள் குறைகிறது, ஒரு கையெழுத்து குறைகிறது என்று வங்கிக் கவுண்டரில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். விதி விதிதான். ஆனாலும் திரும்பிப் போனவர்களின் முகம் மறக்கவில்லை.

சௌந்த் 1952-ல் மறுபடி நின்றார், ஜெயித்தார், அதே நாற்காலியில் அமர்ந்தார். 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபைக்குப் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் புகழ்பெற்ற பெண் விமானி ஜாக்குலின் காக்ரன். அவரையும் வென்று, ஆசியாவில் பிறந்து அச்சபையில் முழு உறுப்பினரான முதல் மனிதரானார். தொடர்ந்து மூன்று முறை வென்றார். 1962-ல் பக்கவாதம் தாக்கியதால் பிரசாரத்துக்குப் போக முடியாமல் தோற்றார். 1973-ல் காலமானார். கலிபோர்னியாவின் டெமெக்யூலா ஊர்த் தபால் நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிள்ளைகளின் பேப்பர் இன்னும் வரவில்லையே என்று கவலைப்படும்போது, குடியுரிமைக்கு 29 ஆண்டுகள் காத்திருந்த இந்த மனிதரையும் நினைத்துக்கொள்வோம். அவர் வெறுமனே காத்திருக்கவில்லை. தனக்குப் பின்னால் வருபவர்களுக்கும் கதவைத் திறக்கப் பாடுபட்டார்.