வெள்ளியை அளந்த உப்புநீர்

1829ஆம் ஆண்டில், பாரிஸ் நாணயச்சாலையில் வெள்ளியின் தூய்மையைச் சோதிக்கும் தலைமைப் பொறுப்பு ஜோசப் லூயி கே-லுசாக் என்ற வேதியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பது. வாயுக்களைப் பற்றிய அவருடைய விதிகளால் ஐரோப்பா முழுவதும் அவரை அறிந்திருந்தது. ஆயினும், அந்தப் பதவியில் அவரை எதிர்கொண்ட சிக்கல் எளிதானதன்று.

பிரெஞ்சு வெள்ளி நாணயத்தில் ஆயிரம் பங்குக்கு 900 பங்கு வெள்ளியும் 100 பங்கு செம்பும் இருக்க வேண்டும். ஆயிரத்துக்கு 3 பங்கு வரை கூடவோ குறையவோ சட்டம் இடம் தந்தது. இதைச் சோதிக்கப் பல நூற்றாண்டுகளாக இருந்த வழி புடமிடுதல். நாணயத் துண்டை ஈயத்துடன் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உருக்குவார்கள். ஈயத்தையும் செம்பையும் கிண்ணம் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளி மட்டும் மணியாக எஞ்சும். ஆனால், சிறிதளவு வெள்ளியும் ஆவியாகவோ கிண்ணத்துக்குள் ஊறியோ மறைந்துவிடும். அதனால், சோதனை காட்டிய அளவு உண்மையான அளவைவிட ஆயிரத்துக்குச் சில பங்கு குறைவாகவே இருந்தது. சட்டம் மன்னித்த பிழையும் சோதனை செய்த பிழையும் ஏறக்குறைய ஒரே அளவு! இந்நிலையில் ஒரு நாணயம் தரமானதா, குறைபட்டதா என்று எவரால் உறுதியாகச் சொல்ல முடியும்? அரசின் நாணயத்தின்மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை அந்தச் சிறு மணியில் அடங்கியிருந்தது.

கே-லுசாக் 1778ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் செயின்ட் லெயோனார் என்ற சிற்றூரில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது அவருடைய தந்தை கைது செய்யப்பட்டார். அந்த இடர்களைத் தாண்டி, 1797இல் பாரிஸ் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் பெர்த்தொல்லே என்ற பெரும் வேதியியலாளரிடம் உதவியாளரானார். ஒருமுறை, தம் ஆசிரியர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவைச் சோதனையில் கண்டபோது, அதை மறைக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். பெர்த்தொல்லே சினம் கொள்ளவில்லை. மாணவரின் நேர்மையைக் கண்டு மகிழ்ந்தார். இப்படிப்பட்ட ஆசிரியர் அமைவது அரிது.

1804ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் தனியாகப் பலூனில் ஏறி 7,000 மீட்டருக்கும் மேலே சென்றார். கடுங்குளிரிலும் மூச்சுத்திணறலிலும், அங்கிருந்த காற்றைக் குடுவையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். 1808இல் பொட்டாசியம் வெடித்து அவருடைய கண்களைத் தாக்கியது. சில காலம் பார்வை இழந்திருந்தார். குணமானதும் மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பினார்.

கலவைகளின் செறிவை அளக்கும் வேலை அவருக்குப் புதியதன்று. மதுபானங்களுக்கு வரி விதிக்க, அவற்றில் எத்தனை விழுக்காடு ஆல்கஹால் உள்ளது என்பதை அறிய அரசு விரும்பியது. கே-லுசாக் 1824இல் அதற்கான மிதவைக் கருவியை உருவாக்கினார். இங்கே ஒரு விந்தை உண்டு. 50 மில்லிலிட்டர் ஆல்கஹாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் கலந்தால் 100 மில்லிலிட்டர் கிடைக்காது. ஏறக்குறைய 97 மில்லிலிட்டரே கிடைக்கும். ஆகவே, 80 விழுக்காட்டுக் கலவை ஒரு லிட்டரை 40 விழுக்காடாக நீர்த்தாக்க, ஒரு லிட்டர் நீர் போதாது. சற்று அதிகமாக ஊற்ற வேண்டும். கணக்கை மட்டும் நம்பினால் விடை தவறிவிடும். அவர் ஒவ்வொரு கலவையையும் அளந்து பார்த்தே அட்டவணைகளைத் தயாரித்தார். சலவைத்தூளின் வலிமையை அளக்கும் முறையையும் அதே ஆண்டில் வெளியிட்டார். பிப்பெட், பியூரெட் ஆகிய பெயர்கள் பரவியதற்கு அவருடைய எழுத்துகளே காரணம்.

நாணயச்சாலையில் அவர் நெருப்பைக் கைவிட்டு நீரை நாடினார். நாணயத் துண்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் வெள்ளி, செம்பு இரண்டும் கரைந்துவிடும். அதில் சமையல் உப்புக் கரைசலை ஊற்றினால், வெள்ளி மட்டும் தயிர்போல வெண்மையாகத் திரண்டு படியும். செம்பு கரைசலிலேயே நின்றுவிடும். எவ்வளவு உப்பு செலவானது என்று தெரிந்தால், எவ்வளவு வெள்ளி இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

அவர் இரண்டு உப்புக் கரைசல்களை வைத்துக்கொண்டார். முதல் கரைசலின் 100 மில்லிலிட்டர், சரியாக ஒரு கிராம் வெள்ளியைப் படிய வைக்கும். அதில் 100 மில்லிலிட்டரை எடுத்து, நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் இரண்டாவது கரைசல் கிடைக்கும். உப்பின் அளவு மாறவில்லை. கன அளவு மட்டும் பத்து மடங்கானது. எனவே, செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்தக் கரைசலின் ஒரு மில்லிலிட்டர் ஒரு மில்லிகிராம் வெள்ளியைப் படிய வைக்கும்.

இனிச் சோதனையைப் பார்ப்போம். 1.115 கிராம் எடையுள்ள நாணயத் துண்டு எடுக்கப்படும். சட்டம் ஏற்கும் மிகக் குறைந்த தரமான 897 பங்கு இருந்தால்கூட, அதில் ஒரு கிராம் வெள்ளி இருக்கும். முதல் கரைசலில் 100 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் ஊற்றி, புட்டியை நன்றாகக் குலுக்குவார்கள். படிவு இறங்கி நீர் தெளிந்ததும், இரண்டாவது கரைசலை ஒவ்வொரு மில்லிலிட்டராகச் சேர்ப்பார்கள். வெண்புகைபோல் கலங்கல் தோன்றினால் வெள்ளி இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். கலங்கல் நின்றதும் கணக்கும் நிற்கும். நான்கு மில்லிலிட்டர் செலவானால், துண்டில் 1.004 கிராம் வெள்ளி உண்டு. அதை 1.115 ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 900 பங்கு. நாணயம் தரமானதே.

பெரிய பங்கைச் செறிவான கரைசலால் ஒரே வீச்சில் முடித்துவிட்டு, நுட்பமான மீதியை நீர்த்த கரைசலால் தேடிப் பிடித்ததில்தான் அவருடைய திறமை தெரிகிறது. வெப்பம் மாறினால் கரைசலின் கன அளவும் மாறும் என்பதால், அதற்கும் திருத்த அட்டவணை தந்தார்.

1832ஆம் ஆண்டு இம்முறையை விளக்கும் அவருடைய நூல் வெளிவந்தது. பிற நாட்டு நாணயச்சாலைகளும் காலப்போக்கில் அதைப் பின்பற்றின. கே-லுசாக் 1850ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் பாரிஸில் காலமானார். ஐஃபல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.