கர்னல் பென்னிகுவிக் துரை: இளைஞர்க்கு உரைக்கத்தக்க ஒரு சரிதம்

இளைஞர்க்குப் பெரியோர் சரிதங்களை எடுத்துரைக்குங்கால் இரண்டு பிழைகள் நேர்தல் உண்டு. வேற்றுச் சமயத்தார் என்று ஒருவரை அறவே விடுத்தல் ஒன்று. அன்பு மிகுதியால் நிகழாததனைக் கூட்டி உரைத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் நீக்கிக் கூறத்தக்கது, முல்லைப் பெரியாற்றணை எடுத்த கர்னல் ஜான் பென்னிகுவிக் துரையின் வரலாறு.

இவர் 1841 ஜனவரி 15ஆம் நாள் புனா நகரிற் பிறந்தார். எட்டாண்டு நிரம்புதற்கு இரண்டு நாள் முன்னர், 1849இல், சில்லியன்வாலாப் போரில் இவர்தம் தந்தையாரும் தமையனாரும் ஒருங்கே மாண்டனர். பின்னர் இங்கிலாந்திற் கல்வி பயின்று, சென்னை மாகாணப் பொறியாளர் படையிற் சேர்ந்து, 1860இல் இந்நாடு போந்தார்.

கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சீமையும் வானம் பொய்ப்பின் வாடும் நிலங்கள். மலைக்கு அப்பால் பெரியாறோ பெருகி மேற்கே ஓடிக் கடல் புகும். அதனைக் கிழக்கே திருப்பும் எண்ணம் புதிதன்று. 1789இல் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராய்ந்து, பொருட்செலவு நோக்கி விடுத்தனர். 1808இல் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் அஃது இயலாதென்றனர். தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் மடிந்த பின்னரே அரசினர் அதனை மீண்டும் கருதினர். திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பணி 1882இல் துரையிடம் வந்தது. 1886இல் திருவிதாங்கூர் மன்னரோடு உடன்படிக்கை நிகழ, 1887இல் வேலை தொடங்கிற்று.

கொடுங்காடு, யானைகள் திரியும் இடம். முறைசுரமும் வாந்திபேதியும் தொழிலாளர் பலரை உண்டன. ஆற்றின் பெருக்கு, கட்டியதனை அடித்துச் சென்றது. துரையோ சென்றதனை எண்ணிச் சோராது மறுமுறையும் தொடங்கினார். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த காரையால் ஏறத்தாழ 1200 அடி நீளத்திற்கு அணை எழுந்தது. மலையை ஒரு மைலுக்கு மேற் குடைந்து நீர்வழி கண்டனர். 1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைக்க, மேற்கே சென்ற நீர் கிழக்கே திரும்பி வையையை அடைந்தது.

துரை தம் உடைமையை விற்று அணையை முடித்தார் என்பர் நாட்டார். அணையின் செலவு அரசாங்கப் பொருளாலாயது. அழிந்ததனை மீளக் கட்டிய உறுதியே அவர்க்குப் போதிய பெருமையாதலின், அக்கதை வேண்டற்பாலதன்று. உடன் உழைத்து மலையில் மாண்ட கூலியாட்களையும் இளைஞர் மறவாதிருக்க வேண்டும்.

இச்செயல் பசுபுண்ணியமோ சிவபுண்ணியமோ எனின், சிவபெருமானை நினைந்து செய்யாமையின் பசுபுண்ணியமே. அற்றேல் சைவர் அதனைப் போற்றுதல் என்னை எனின், கூறுதும். எவர் எத்தெய்வத்தை முன்னிட்டு இயற்றிய அறத்திற்கும் பயனளிப்பவர் சிவபெருமான் ஒருவரே என்பது சித்தியார் துணிபு. அன்றியும், செய்தார்க்குப் பசுபுண்ணியமாயது, கொண்டார் வழிபாட்டிற் படுத்தவழிச் சிவபுண்ணியத்திற்குத் துணையாம். சின்னமனூர்ப் பூலானந்தீசர்க்கும் உத்தமபாளையத்துக் காளத்தீசர்க்கும் அன்பர் அந்நீரால் விளைந்த நெல்லை அமுதாக்கிப் படைக்குங்கால், பிறர் உழைப்பும் உயிரும் அவ்வமுதின்கண் உளவென நினைதல் வேண்டும். அந்நினைவு, யாமே படைத்தோம் என்னும் செருக்கை அறுக்கும்.

துரை 1911 மார்ச் 9ஆம் நாள் இங்கிலாந்தில் மறைந்தார். 2013இல் லோயர் கேம்பில் அவர்க்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளில் பாலார்பட்டி மக்கள் பொங்கலிடுகின்றனர். மானுடர்க்குப் பொங்கலோ என்று நாம் அவர்களை நகுதல் வேண்டா. அது செய்ந்நன்றி அறிதலேயாம். நன்றியறிந்த நெஞ்சமே திருவருளை அறிதற்கும் உரியது. நம் பாடசாலைப் பிள்ளைகட்கு இச்சரிதத்தை உள்ளவாறே உரைப்போமாக.

சிவம்.