பதினாறணா விளைச்சலும் ஒரு பௌதிகப் பேராசிரியரும்

புள்ளியியல் என்றதும் நம்மில் பலருக்குத் தேர்வு நாளின் வயிற்றுக் கலக்கம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சூத்திரங்களை வயல் வரப்பில் இறக்கி நடக்க வைத்தவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்று அவரைப் பாடநூல்கள் போற்றும். பயிர் களத்துக்கு வருமுன்னரே அதன் விளைச்சலை அறிய அவர் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

1893 ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த இவர், பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகம் பயின்று, மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1915இல் தாயகம் திரும்ப வேண்டிய கப்பல் உலகப் போரினால் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் ஆசிரியர் ஒருவர், 'பயோமெட்ரிகா' என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளைப் பார்க்கச் சொன்னார். அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கிவிட்டார். கப்பல் சரியான நேரத்தில் புறப்பட்டிருந்தால் நமக்கு ஒரு பாடம் குறைந்திருக்கும் என்று சில நண்பர்கள் வருந்தக்கூடும்!

பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டே, தம் துறையின் ஓர் அறையில் புள்ளியியல் ஆய்வை வளர்த்தார். 1931இல் அங்குத் தோன்றியதே இந்தியப் புள்ளியியல் கழகம். அதன் முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு.

அந்நாளில் அரசாங்கம் விளைச்சலை எப்படிக் கணித்தது? சாகுபடிப் பரப்பு, ஏக்கருக்கு வழக்கமான மகசூல், அவ்வாண்டுப் பயிரின் தரம் ஆகிய மூன்றையும் பெருக்குவார்கள். தரம் அணாக் கணக்கில் சொல்லப்படும். நிறை விளைச்சல் பதினாறணா. சில மாகாணங்களில் பன்னிரண்டணா. கிராம ஊழியர் பயிரைக் கண்ணால் பார்த்துப் பத்தணா, எட்டணா என்று சொல்வார். கோதுமைக்கும் இதே முறைதான். அனுபவமுள்ள உழவரின் கண்ணை நான் குறைத்துச் சொல்லவில்லை. தம் வயலில் எத்தனை மூட்டை தேறும் என்பதை அவர் ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிடுவார். ஆயிரம் ஊர்களின் மதிப்பீடுகளைக் கூட்டும்போதுதான் தொல்லை. பயிர் செழித்தால் குறைத்துச் சொல்வதும், வாடினால் மேலும் வாடியதாகச் சொல்வதும் மனித இயல்பு. வங்காளத்தில் நிலைமை இன்னும் மோசம். அது ஜமீன்தாரி நாடு. நம் பக்கத்துக் கர்ணம் போன்ற கணக்கர் அங்கு இல்லாததால், சாகுபடிப் பரப்பே ஊகமாக இருந்தது.

சணல் அம்மாகாணத்தின் பணப்பயிர். விளைச்சல் மிகுதி என்று மதிப்பீடு வெளியானால் விலை சரியும், நட்டம் உழவருக்கு. ஆகவே 1937இல் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் அளக்கும் பணி அவரிடம் வந்தது. வரைபடத்தில் குருட்டாம்போக்கில் புள்ளிகளைத் தெரிந்தெடுத்து, அந்தந்த இடத்துக்கு ஆட்கள் சென்று பார்க்க வேண்டும். சேறாயினும் ஆறாயினும் தமக்கு வசதியான வேறு வயலுக்கு மாறக் கூடாது. ஆண்டுதோறும் பரப்பை விரித்து, 1941இல் மாகாணம் முழுவதையும் அளந்தார்.

அவருடைய நுட்பங்களில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளுடன் அனுப்பினார். ஒரு குழுவின் முடிவை மற்றது அறியாது. இரண்டும் பெரிதும் வேறுபட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். ஊழியரின் பிழையையும் எண்ணாக மாற்றிக் காட்டும் வழி இது.

1943இல் வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. மாகாணத்தில் எவ்வளவு நெல் இருந்தது என்பதற்கு நம்பத்தக்க கணக்கு அரசாங்கத்திடம் இல்லை. பஞ்சத்துக்குப் பின் ஊர் ஊராகச் சென்று அதன் விளைவுகளை ஆராய்ந்ததும் மகாலனோபிஸின் கழகமே.

1943-44 ரபி பருவத்தில் பீகார் வயல்களிலும் கணக்கெடுப்பு நடந்தது. விளைச்சலை அறியச் சிறு வட்டங்களில் பயிரை அறுத்து நிறுக்கும் முறையை அவர் கையாண்டார். மரபு அணாவை நம்பிய காலத்திலேயே, 1920களில், இப்படி அறுத்துப் பார்த்த ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை அவர் தம் முன்னோடியாக மதித்தார்.

இங்கேதான் எதிர்ப்பு எழுந்தது. வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பி. வி. சுகாத்மே, கோதுமை வயல்களில் சோதனை நடத்தி, சிறு வட்டம் விளைச்சலைக் கூட்டிக் காட்டுகிறது என்றார். காரணம் விளிம்பு. இரண்டடி ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 12.57 சதுர அடி, சுற்றளவும் 12.57 அடி. ஆரத்தை இருபது அடியாக்கினால் பரப்பு 1,257 சதுர அடியாகும், சுற்றளவோ 125.7 அடிதான். கோட்டின்மேல் நிற்கும் தூரை உள்ளே சேர்க்கவே அறுப்பவரின் கை விரும்பும். சிறு வட்டத்தில் இந்தக் கைச்சாய்வு பரப்புக்குத் தக்கபடி பத்து மடங்காகிறது. மிகச் சிறிய வட்டம் ஏமாற்றும் என்பதை மகாலனோபிஸும் அறிந்திருந்தார். எது மிகச் சிறியது, யார் அறுப்பது என்பவற்றில்தான் இருவரும் மோதினர். இறுதியில் மாநிலங்களில் பரவியது சுகாத்மேயின் பெரிய பாத்திதான். கண்ணை நம்பாதே என்று தொடங்கியவரிடம், கையையும் நம்பாதே என்று இன்னொருவர் சொன்னது போலிருக்கிறது எனக்கு. அறிவியலில் இது தோல்வியாகாது.

1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவர் முயற்சியால் பிறந்தது. 1972 ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு முதல் நாள், அவர் காலமானார். செயற்கைக்கோள் படங்கள் வந்துவிட்ட இந்நாளிலும், பயிர்க் காப்பீட்டுக்காக எண் விழுந்த வயலில் பாத்தி அளந்து, அறுத்து, அடித்து, தூற்றி, தராசில் நிறுத்துத்தான் மகசூலை எழுதிக்கொள்கிறார்கள்.