அடுப்படியைப் படிப்பாக்கிய அம்மையார்

திருவண்ணாமலைக்குக் கிழக்கே கீழ்பென்னாத்தூர், மேற்கே செங்கம். அந்தச் செங்கத்தில் 1919-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ்.

சமையலும் பிள்ளை வளர்ப்பும் கல்லூரிப் பாடமா என்று ஊரார் சிரித்த காலம் அது. அம்மையாரோ சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தார். அமெரிக்கா சென்று, ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

தாயகம் திரும்பியவர், பின்னர் கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியின் முதல்வரானார். குழந்தை ஏன் மெலிகிறது, குறைந்த செலவில் சத்தான உணவு எது என்று மாணவிகள் ஆராய்ந்தார்கள். கிராமத் தாய்மார்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள். படித்து முடித்தவர்கள் ஆசிரியைகளாகவும், ஆஸ்பத்திரிகளில் உணவு ஆலோசகர்களாகவும் வேலை பெற்றார்கள்.

1988-இல் அக்கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அம்மையாரே முதல் துணைவேந்தர். 1992-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2002-இல் மறைந்தார்.

அடுப்படி அறிவும் பெண்ணுக்கு உத்தியோகம் தரும் என்று காட்டியவர், இந்தச் செங்கத்துப் பெண்மணி!