தெருவில் நடந்தவர்களைக் கவனித்த டாக்டர்



மாலையில் நம் வளாகத்துக்குள் நடைப்பயிற்சி செய்யும்போது எதிரே பலர் வருகிறார்கள். கையை வீசி விறுவிறுவென்று நடப்பவர்களும், கைபேசியில் பேசிக்கொண்டே நடப்பவர்களும் உண்டு. ஒரு கையை மட்டும் வீசாமல், குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைத்து, முன்பக்கம் சாய்ந்தபடி யாராவது நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அப்படி உற்றுக் கவனித்த ஒருவரின் பெயரையே இன்று உலகம் ஒரு மூளை நோய்க்கு வைத்திருக்கிறது. அவர்தான் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

1755 ஏப்ரல் 11 அன்று லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். அப்பாவும் அதே ஊரில் வைத்தியம் பார்த்தவர். மகனும் தொழில் கற்று, ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் வாழ்நாள் முழுவதும் மருத்துவம் செய்தார். இன்று நம் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர் போன்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சும்மா இருக்கும் டாக்டர் இல்லை. ஏழைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்ட சங்கத்தில் சேர்ந்தார். 'ஓல்ட் ஹூபர்ட்' என்ற புனைபெயரில் அரசை விமர்சித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1794இல், மன்னர் மூன்றாம் ஜார்ஜை விஷ அம்பால் கொல்லத் திட்டமிட்டதாக அவருடைய நண்பர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தபோது, மன்னரின் ஆலோசனைக் குழு முன் நின்று துணிச்சலாகச் சாட்சி சொன்னார். சாதாரண மக்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி உடல்நல நூல்களும் எழுதினார். புதைபடிவங்களைச் சேகரிப்பதிலும் பெரும் ஆர்வம். 1807இல் லண்டன் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அவரை இன்றும் நினைவில் வைத்திருக்கச் செய்தது 1817இல், தமது 62ஆம் வயதில், வெளியிட்ட ஒரு சிறிய நூல். நடுக்க வாதம் பற்றிய அந்தக் கட்டுரை 66 பக்கம்தான். அதில் ஆறு பேரைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார். அவர்களில் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஓய்வாக இருக்கும்போதே நடுங்கும் கை, கூனிய உடல், நடை திடீரென்று ஓட்டமாக மாறுவது ஆகியவை தனித்தனித் தொல்லைகள் இல்லை, எல்லாம் ஒரே நோய் என்று அவர்தான் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

எல்லாமே அவர் சொன்னபடி சரியாக இருக்கவில்லை. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் கோளாறு இருக்கலாம் என்று ஊகித்தார். உண்மையில் நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நம் அசைவுகள் தடையின்றி நடக்க அது வேண்டும். அந்த அணுக்கள் பெருமளவு அழிந்த பிறகுதான் நடுக்கமும் விறைப்பும் வெளியே தெரிகின்றன. இந்த விவரங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிய வந்தன. டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்து 1960களில் பயன்பாட்டுக்கு வந்தது.

தமது பெயரில் ஒரு நோய் இருப்பது பார்க்கின்சனுக்குத் தெரியாது. 1824 டிசம்பர் 21 அன்று காலமானார். பல ஆண்டுகள் கழித்து, பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ அந்த நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். பார்க்கின்சனின் உருவப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இணையத்தில் அவர் என்று உலவும் புகைப்படங்கள் வேறு யாருடையவையோ. அவர் காலத்தில் புகைப்படமே புழக்கத்துக்கு வரவில்லை! அவருடைய பிறந்த நாளே இன்று உலக பார்க்கின்சன் தினம்.

நம் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு நிமிடம் அவர் கண்களால் பாருங்கள். கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகிறதா? சட்டைப் பொத்தான் போட அதிக நேரம் ஆகிறதா? முகத்தில் சிரிப்பு குறைந்துவிட்டதா? வாசனை தெரியவில்லை என்கிறார்களா? வயசாகிவிட்டது, சோம்பல் என்று தள்ளிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் நோய் ஆகிவிடாது. அதையும் அவர்தான் சொல்ல வேண்டும். இந்த நோயை முழுவதும் குணமாக்க மருந்து இன்னும் இல்லை. ஆனால் மருந்தும் உடற்பயிற்சியும் சேர்ந்தால் பல ஆண்டுகள் நன்றாக நடமாட முடியும். மருந்தை வேளை தவறாமல் கொடுங்கள். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். லிஃப்ட் வாசலில் ஒருவர் கால் எடுத்து வைக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். இந்த நோயில் அது நடப்பதுண்டு. கதவைப் பிடித்துக்கொண்டு சற்றுக் காத்திருங்கள். நடைபாதையில் செருப்பு, சைக்கிள், பூத்தொட்டி கிடந்தால் ஓரமாக எடுத்து வையுங்கள். அவர்கள் தடுக்கி விழாமல் இருக்க அதுவே பெரிய உதவி.