மதுரையைப் படம்பிடித்த டிரைப் துரை

நம் மதுரைக் கட்டடங்களை முதன்முதலில் விரிவாக நிழற்படம் எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்பார். இவர் 1822-ஆம் ஆண்டு ஆங்கில நாட்டு டெவன்போர்ட் நகரிற் பிறந்து, இளமையிலேயே கும்பினியின் சென்னைப் படையிற் சேர்ந்து இந்நாடு போந்தார். விடுமுறையில் தாயகம் சென்ற காலை, அப்பொழுது புதிதாய்த் தோன்றியிருந்த நிழற்படக் கலையைப் பயின்றார். மீண்டு வந்து, 1854-ல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம்பிடித்து, மறு ஆண்டு சென்னைப் பொருட்காட்சியிற் பதக்கம் பெற்றார். பின்னர்ச் சென்னை அரசாங்கம் அவரைத் தன் நிழற்படக்காரராக நியமித்தது. 1858-ல், வடநாட்டில் கலகத்தீ அவியாத காலத்தில், மதுரை வந்தார்.

இக்காலத்துச் சிறு காமிராவைக் கொண்டு அவர் உழைப்பை அளத்தல் கூடாது. 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமுமுள்ள காகிதமே அவருக்குப் பிலிம். மெழுகூட்டிய அக்காகிதத்தை வெள்ளி உப்பிற் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து, நெடுநேரம் ஒளி படச் செய்தல் வேண்டும். அதற்குள் நடந்து செல்வோர் படத்தில் பதியார். வெறுமையான வீதிகளைக் கண்டு, அன்று மதுரை ஆளற்றிருந்ததென நாம் எண்ணிவிடலாகாது. வானமும் வெளிறிப்போகுமாதலின், சில படங்களில் மேகங்களைத் தாமே தீட்டிச் சேர்த்தார். அதனை நாம் பெருங்குறையாகக் கொள்ளோம்.

மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், முற்றுப்பெறாத இராயகோபுரம், தெப்பக்குளம், நம் காளவாசலுக்குத் தெற்கேயுள்ள திருப்பரங்குன்றம் ஆகியவற்றை எடுத்தார். யாவற்றினும் அருமையானவை திருமலை நாயக்கர் மஹாலின் படங்கள். அது அக்காலை இடிந்து பாழ்பட்டுக் கிடந்தது. நேப்பியர் பிரபு கவர்னராயிருந்தபோதுதான் (1866-72) செப்பனிடப்பெற்றது. இன்று நாம் காணும் மஹாலில் நாயக்கர் வேலை எது, பிற்காலக் கொத்தர் வேலை எது என ஆராய்வார்க்கு இப்படங்களைப்போல் உதவுவன சிலவே.

தஞ்சைப் பெரியகோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். தமிழ் பயிலும் நமக்கு இதுவே பெருவியப்பு.

1859-ல் கவர்னராய் வந்த டிரெவெலியன் துரை, கஜானா வறண்ட காலத்தில் இஃது ஆடம்பரச் செலவென்று கருதி வேலையை நிறுத்தினார். சிக்கனம் ஆள்வோர்க்கு வேண்டுவதே. எனினும் எத்தனையோ தலங்கள் அப்பெட்டியின் முன் வாராமலே பழுதுற்றதை எண்ண, நம் நெஞ்சு பொறுக்கவில்லை. டிரைப் படைத்தொழிலுக்கே மீண்டார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சொற்பம். 1902-ல் பிறந்த ஊரிலேயே காலமானார். 2014-ல் வாஷிங்டனிலும், மறு ஆண்டு நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தனர். மதுரைக்கு அக்காட்சி வரவில்லை.